முன்னால் ஒரு புள்ளி

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி ஆய்வகத்துச் சர்வரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. பெயர் ‘.பாஷ்ஆர்சி’. முன்னால் நிற்கும் புள்ளி அச்சுப்பிழை இல்லை, அதுவும் பெயரோடு சேர்ந்ததுதான். அளவு 3,771 பைட். அச்சடித்தால் இரண்டு மூன்று தாளுக்குள் அடங்கிவிடும். ‘இடிசி’ என்ற அடைவுக்குள் ‘ஸ்கெல்’ என்று ஒரு சிற்றடைவு. அதுதான் இதன் பிறந்த வீடு. ஸ்கெலிட்டன் என்பதைச் சுருக்கி ஸ்கெல் ஆக்கியிருக்கிறார்கள். எலும்புக்கூட்டு வீடு என்று சொன்னால் பேய்க்கதை மாதிரி இருக்கும். ஆனால் அங்கே இயல்பாகக் குடியிருப்பவை சாதுவான மூன்று கோப்புகள்தான்: இது ஒன்று, 807 பைட் அளவில் ‘.புரொஃபைல்’, 220 பைட் அளவில் ‘.பாஷ்_லாக்அவுட்’.

இந்த மூன்றையும் அந்த இடத்தில் வைத்து யாரும் பயன்படுத்துவதில்லை. உபுண்டு கணினியில் புதிதாக ஒருவருக்குக் கணக்குத் திறக்கும்போது, அவருடைய வீட்டு அடைவுக்குள் இவற்றின் நகல் போய் இறங்கும். ஒருவர் முதல்முதலாகக் கட்டளை தட்டும் கருந்திரையைத் திறக்கும்போது எழுத்து எந்த நிறத்தில் வரவேண்டும், பழைய கட்டளைகளில் எத்தனையை நினைவில் வைக்கவேண்டும், ‘எல்எல்’ என்று இரண்டு எழுத்து தட்டினால் எந்த நீளமான கட்டளை ஓடவேண்டும் என்பதையெல்லாம் அவர் வருவதற்கு முன்பே இந்தக் கோப்பு முடிவுசெய்து வைத்திருக்கிறது. பையன்கள் ‘டீஃபால்ட் சார்’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் சமாச்சாரம் இதுதான்.

இதன் குலம் கோத்திரம் கொஞ்சம் வேடிக்கையானது.

முதலில் அந்தப் புள்ளி. தமிழில் புள்ளி எழுத்தின் தலைமேல் ஏறினால் அதன் உயிரோசை அடங்கிவிடும். உபுண்டுவின் முன்னோடியான யூனிக்ஸில் பெயருக்கு முன்னால் வந்தால் கோப்பே கண்ணில் படாது. ‘எல்எஸ்’ என்று தட்டி அடைவின் பட்டியலைக் கேட்டால் புள்ளிக்காரர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்து வற்புறுத்திக் கேட்கவேண்டும். இது யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவாகிக்கொண்டிருந்த ஆரம்ப நாட்களில், ஒவ்வோர் அடைவிலும் இரண்டு பதிவுகள் சேர்ந்தன. ஒற்றைப் புள்ளி என்றால் ‘இதே அடைவு’, இரட்டைப் புள்ளி என்றால் ‘இதற்கு மேலடைவு’. பட்டியல் போடும்போதெல்லாம் இவை இரண்டும் வந்து நின்று தொல்லை கொடுத்தன. அவற்றை விலக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தாண்டிப்போகும்படி நிரல் எழுதிவிட்டார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் அத்தனை பெயர்களும் மறைந்துபோயின. அதே ஆய்வகத்தில் பின்னாளில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் இந்தக் கதையை எழுதி, சோம்பலில் எடுத்த குறுக்குவழி எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா என்கிற தொனியில் நொந்துகொண்டார். அவர் நொந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. என் வீட்டு அடைவை வற்புறுத்திக் கேட்டால், வெளியே தெரியும் கோப்புகளைவிடப் புள்ளிக்காரர்களே அதிகம்.

பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஆர்சி’ யூனிக்ஸைவிட மூத்தது. 1960களின் முற்பகுதியில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு ஓடியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை அப்போது புதுசு. அங்கே வந்து பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஸான், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரு கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக ஓட்ட ‘ரன்காம்’ என்ற நிரலைச் செய்தார். ‘ரன் கமாண்ட்ஸ்’ என்பதன் சுருக்கம். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்ற பெயரும் அவர் வைத்ததே. ரன்காம் தேய்ந்து ஆர்சி ஆனது. இன்று பல மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகளில் வால்போல இந்த இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய காரணம் தெரியாமலே ஒட்டுகிறவர்கள்தான் பலர்.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது, அது ‘.புரொஃபைல்’ கோப்பைப் படித்தது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லுக்கு ‘.சிஎஸ்எச்ஆர்சி’. பிறகு 1989-இல் குனு திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் வெளியானது. ‘போர்ன் அகெய்ன் ஷெல்’ என்பதன் சுருக்கம். போர்ன் என்பவரின் பெயரும் ‘மறுபடி பிறந்தது’ என்ற பொருளும் ஒன்றாக ஒலிக்கிற சிலேடை. காளமேகத்தைப் படித்த நமக்கு இது பெரிய சிலேடை இல்லைதான், போகட்டும். நம் கோப்புக்குப் பெயர் வந்த வழி இதுவே.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் கிளையில் ஸ்கெல் அடைவைத் திறந்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அங்கே கோப்பின் பெயரில் புள்ளி இராது. ‘டாட்’ என்று எழுத்தால் எழுதியிருப்பார்கள். ‘டாட்.புரொஃபைல்’. பிறந்த வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். நகலாகிப் புதுப் பயனரின் வீட்டுக்குப் போகும்போது ‘டாட்’ உதிர்ந்து வெறும் புள்ளி மட்டும் நிற்கும். புகுந்த வீட்டில்தான் முக்காடு.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் மேசைகளில் இருப்பவை பெயருக்குத்தான் கணினிகள். எல்லாரும் ஒரே சர்வருக்குள் நுழைந்து அங்கேதான் வேலை செய்வார்கள். கணினித் துறையோடு தமிழ்த் துறைப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் இரண்டு வகுப்பு உண்டு. அவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு, கற்க எளிது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் தனித்தனியாக அதை இயக்கிவைப்பது முதல் வகுப்பு முழுவதையும் விழுங்கிவிடும். ஸ்கெல்லில் ஒருமுறை வைத்துவிட்டால் வருகிற எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேருமே என்று தோன்றியது. நல்ல யோசனைதான்.

செய்த விதத்தில்தான் கோளாறு. என் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் அழகாக அமைத்தேன். தமிழ்99, பெரிய எழுத்து, திரைக்குப் பின்னணியாகத் தாமிரபரணிப் படம். பிறகு என் வீட்டு அடைவிலிருந்த புள்ளிக் கோப்புகள் அத்தனையையும் ஒரே வரியில் ஸ்கெல்லுக்குள் கொட்டினேன். மறுநாள் 62 பதிவெண்கள் இருந்த பட்டியலை எடுத்து, ‘யூஸர்ஆட்’ கட்டளையை ஒரு சுழற்சிக்குள் வைத்து ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான் டீ குடித்த அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது கவனிக்கத் தக்கது. யூஸர்ஆட் முதலில் பயனர் பதிவேடான ‘பாஸ்வேர்டு’ கோப்பைப் பூட்டும், வேறொருவர் அதே நேரத்தில் அதில் கைவைத்துவிடாதபடி. இருப்பவர்களில் பெரிய எண் எதுவோ அதற்கு அடுத்த எண்ணைப் புதியவருக்குக் கொடுக்கும். மனிதப் பயனர்களின் எண் 1000-த்தில் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவை கணினியின் சொந்த வேலையாட்களுக்கு. பிறகு பதிவேட்டில் ஒரு வரி எழுதும்: முக்காற்புள்ளிகளால் பிரித்த ஏழு இடங்கள். ஐந்தாவது இடத்தின் பெயர் ஜீகாஸ். பெல் ஆய்வகத்தில் அச்சடிக்கும் வேலைகளை ஜெனரல் எலக்ட்ரிக்கின் அமைப்பு ஓடிய வேறொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கான அடையாளத்தை எழுதிவைத்த இடம் அது. அந்தக் கணினி எப்போதோ போய்விட்டது. இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாங்கள் அதில் பிள்ளையின் முழுப்பெயரை எழுதுகிறோம்.

அதற்கப்புறம் வீடு. ‘எம்’ என்ற எழுத்தைக் கட்டளையில் சேர்க்காவிட்டால் உபுண்டுவில் ஆளுக்குப் பெயர் இருக்கும், குடியிருக்க அடைவு இருக்காது. சேர்த்திருந்தேன். அடைவு உருவானது. ஸ்கெல்லில் இருந்த ஒவ்வொன்றும் உள்ளே நகலானது. நகலான கையோடு அதன் உரிமை நிர்வாகிக் கணக்கான ரூட்டிடமிருந்து பிள்ளையின் பெயருக்கு மாறியது. அப்போது மாறாமல் இருப்பது ஒன்று உண்டு: கோப்பின் தேதி. யூஸர்ஆட் தாய்க்கோப்பின் தேதியை அப்படியே பிள்ளைக்கும் போட்டுவிடும். காலையில் பிறந்த கணக்குக்குள், பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது யாரோ பழைய ஆளின் வீட்டைத் தவறிப்போய்க் கொடுத்துவிட்டேனோ என்று பதறினேன்.

முதல் வகுப்பில் முதல் புகார் வந்தது, படம் தெரியவில்லை என்று. தாமிரபரணி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நீலம். அமைப்புக் கோப்பில் படத்தின் முழு முகவரி என் வீட்டு அடைவைக் காட்டிக்கொண்டிருந்தது. கோப்பு 62 வீடுகளுக்குப் போயும் என் வீட்டு முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய உபுண்டுவாக இருந்திருந்தால் படம் தெரிந்திருக்கும், யார் வீட்டையும் யாரும் எட்டிப்பார்க்கலாம் என்பதுதான் அதன் இயல்பு. 21.04 பதிப்பிலிருந்து புதிய வீடுகளின் கதவு அடுத்தவருக்குச் சாத்தியே இருக்கும். இதைப் பிள்ளைகளிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

“சார், மேல் அம்பை அழுத்தினா என்னென்னமோ வருது சார்.”

“என்ன வருது?”

“நீங்க அடிச்ச கமாண்ட் மாதிரி இருக்கு சார்.”

அருகே போய்ப் பார்த்தேன். பாஷ் நாம் தட்டிய கட்டளைகளை எல்லாம் ‘.பாஷ்_ஹிஸ்டரி’ என்ற கோப்பில் எழுதிவைக்கும். அதற்கும் முன்னால் ஒரு புள்ளி. புள்ளிக் கோப்புகள் அத்தனையையும் கொட்டியபோது அதுவும் போயிருக்கிறது. மேல் அம்பை அழுத்த அழுத்த என் பல மாத வேலை ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கி வந்தது. எழுத்துப் பிழையோடு தட்டிய கட்டளைகள், அதே கட்டளையை மறுபடி பிழையோடு தட்டியவை, எல்லாம். பத்துப் பதினைந்து அம்புக்கு அப்பால் ஒரு வரி: வருகைப் பதிவு இருக்கும் தரவுத்தளத்துக்குள் நுழைய, அவசரத்தில் கடவுச்சொல்லையும் சேர்த்தே தட்டியது. 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாத 62 பேரின் வீட்டிலும் அந்த வரி இருந்தது.

அந்தப் பெண் அதைப் படித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் சொன்னது இவ்வளவுதான்: “நான் யார்கிட்டயும் சொல்லல சார்.”

வாசலில் நின்ற ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி, “என்ன தம்பி, கரண்டு போச்சா?” என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கவேண்டும்.

இதில் கூடுதலாக எரிச்சலூட்டியது, அந்த 3,771 பைட்டுக்குள்ளேயே தீர்வு இருந்தது என்பது. ‘ஹிஸ்ட்கண்ட்ரோல்’ என்று ஒரு வரி அதில் உண்டு. அடுத்தடுத்து ஒரே கட்டளையைத் தட்டினால் ஒருமுறை மட்டும் எழுதிக்கொள்ளும்படியும், இடைவெளி விட்டுத் தொடங்கும் கட்டளையை எழுதிக்கொள்ளாமல் விடும்படியும் அது பாஷுக்குச் சொல்கிறது. கடவுச்சொல் இருந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு முறை இடைவெளி விசையைத் தட்டியிருந்தால் அது எங்கும் பதிவாகியிருக்காது. அந்த வரியை எழுதிவைத்தவர் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டுகளில் நான் அந்தக் கோப்பை ஒருமுறைகூட முழுக்கப் படித்ததில்லை.

முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு ஓடிப்போய் ஸ்கெல்லில் இருந்த ஹிஸ்டரியை அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது, அதனால் அந்த 62 பேருக்கு ஒன்றுமே ஆகாது என்று. நகல் எடுத்த கணத்தோடு தாய்க்கும் பிள்ளைக்கும் உறவு அறுந்துவிடுகிறது. பிறந்த வீட்டில் என்ன மாற்றினாலும் இனிமேல் வரப்போகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே குடிபோனவர்களின் வீட்டுக்கு நாமே போய்க் கதவைத் தட்டவேண்டும். தட்டினேன், இன்னொரு சுழற்சி எழுதி. அதிலும் ஒரு சங்கடம். இரண்டு மூன்று பிள்ளைகள் அதற்குள் சொந்தமாகச் சில கட்டளைகளைத் தட்டியிருந்தார்கள். ஹிஸ்டரியை மொத்தமாக அழித்தபோது என் குப்பையோடு அவர்களுடையதும் போனது.

ஸ்கெல்லின் மொத்த இயல்பும் இந்த ஒருமுறைக் கொடுப்பினைதான். உபுண்டுவில் இந்தக் கோப்பு பாஷ் பொதியோடு வந்து இறங்குகிறது. பொதியின் புதுப் பதிப்பில் கோப்பு மாறியிருந்து, நாமும் நம் பங்குக்கு ஸ்கெல்லில் கைவைத்திருந்தால், நிறுவும்போது கணினி நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும்: உன்னுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, வந்திருப்பதைப் போடட்டுமா? தாயிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்கும் கணினி, பிள்ளைகளின் நகல்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது சரியும்கூட. ஒருவர் வீட்டுக்குள் போனது அவர் பொருள். என் வீட்டுத் திரையின் நிறத்தை இரவோடு இரவாக இன்னொருவர் மாற்றினால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வாரம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். எதைச் சீதனமாகக் கொடுக்கவேண்டும், எதை ஊர்க்கட்டுப்பாடாக வைக்கவேண்டும் என்று பிரித்தேன். பின்னாளில் எல்லாருக்கும் ஒருசேர மாற்ற வேண்டியிருக்கும் அமைப்புகள் ஸ்கெல்லுக்குப் போகக்கூடாது. அவற்றுக்கு ‘இடிசி’க்குள்ளேயே ‘புரொஃபைல்.டி’ என்ற அடைவு இருக்கிறது. அங்கே வைத்தால் எல்லாரும் ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதைப் படிப்பார்கள், நான் மாற்றினால் அடுத்த நுழைவில் எல்லாருக்கும் மாறும். படத்தைப் பொதுப் பின்னணிகள் இருக்கும் அடைவுக்கு மாற்றினேன். தமிழ்99 மட்டும் ஸ்கெல்லில் நின்றது, பிடிக்காதவர்கள் கழற்றிக்கொள்ளட்டும் என்று. அதையும் என் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. ‘மாதிரி’ என்ற பெயரில் வெறும் கணக்கொன்றைத் திறந்து, அதில் விசைப்பலகையை மட்டும் அமைத்து, எந்தக் கோப்பு மாறியது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவைத்துவிட்டு அந்தக் கணக்கை நீக்கினேன். முதலிலேயே செய்திருக்கவேண்டியது.

திரை மொழியைத் தமிழாக வைத்தால் வேறொரு கூத்து. முதல் நுழைவில் கணினி தானாக உருவாக்கும் ஆவண அடைவு, பட அடைவு எல்லாம் தமிழ்ப் பெயரோடு பிறக்கும். பார்க்க அழகுதான். கருந்திரையில் அதற்குள் போக ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றவேண்டும். பிள்ளைகளே ஒருமனதாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

விண்டோஸ்காரர்களுக்கும் இதே வீடு உண்டு. ‘யூஸர்ஸ்’ அடைவுக்குள் ‘டீஃபால்ட்’ என்று மறைந்திருக்கும் அடைவு. அங்கே கணக்கு திறக்கும்போது நகல் நடப்பதில்லை. ஆள் முதல்முறை உள்ளே நுழையும்போது நடக்கிறது. புதுக் கணக்கில் முதல் தடவை ‘ஹாய்’ என்று சொல்லிவிட்டு நம்மைக் காக்கவைக்கிறதே, திரைக்குப் பின்னால் வீடு கட்டுகிற நேரம் அது. சுவரும் கூரையும் ‘என்டியூஸர்.டாட்’ என்ற ஒரே கோப்புக்குள் அடைந்திருப்பதால் திறந்து படித்துப் பார்க்கிற சுகம் கிடையாது.

ஆண்டுகள் ஓடின. ‘.பாஷ்ஆர்சி’யின் 62 பிரதிகளும் தங்கள் பாட்டுக்குக் கிடந்தன. கருந்திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாஷ் அந்தக் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். படித்ததைத் திறந்தவருக்குச் சொல்லாது.

நடுவில் ஒரு பையன் டிசி வாங்கிக்கொண்டு போனான். பட்டியலில் கடைசி ஆள். அவனுடைய எண் 1063. ‘யூஸர்டெல்’ கட்டளையில் கணக்கை நீக்கினேன். ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் வீடும் சேர்ந்து போகும், சேர்க்க மறந்தேன். பெயர் போய்விட்டது, வீடு நின்றது. உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் வெறும் 1063 என்று எண் மட்டும். கணினிக்கு எப்போதும் எண்தான் ஆள், பெயர் நமக்காக. அடுத்த வாரம் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கையில் ஒரு பெண் வந்தாள். இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்தது எதுவோ அதை யூஸர்ஆட் கொடுத்தது. அது மறுபடி 1063. போனவனின் வீடு முழுக்க, கோப்பு கோப்பாக, வந்தவளின் பெயருக்கு மாறி நின்றது. அவனுடைய ரெக்கார்டு நிரல்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

மூன்றாம் ஆண்டு முடிந்து கணக்குகளை மூடவேண்டிய நாள் வந்தது. நீக்குவதற்கு முன்னால் ஓர் ஆசை. ஸ்கெல்லில் இருக்கும் ‘.பாஷ்ஆர்சி’யோடு ஒவ்வொரு வீட்டில் இருப்பதையும் ‘சிஎம்பி’ கட்டளையால் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது வாயே திறக்காது. வரிசையாக மௌனம். அதே 3,771 பைட், அதே பழைய தேதி. மூன்று வருடம் குடியிருந்தும் ஆணிகூட அடிக்காத வீடுகள். நடுநடுவே ஒன்றிரண்டு வேறுபாடு: ஒருவன் எழுத்தின் நிறத்தை மாற்றியிருந்தான், இன்னொருவன் ஜாவாவின் பாதையைச் சேர்த்திருந்தான்.

அந்தப் பின்வரிசைப் பெண்ணின் கோப்பு 3,771 இல்லை. தேதியும் புதிது. திறந்து கடைசிக்குப் போனேன். கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில் வழக்கமான டாலர் குறிக்குப் பதிலாக ‘சொல்லு’ என்று வரும்படி மாற்றியிருந்தாள். அதற்குக் கீழே சுருக்குப்பெயர் ஒன்று வைத்திருந்தாள். ‘சார்’ என்று தட்டினால் ‘ஹிஸ்டரி’ கட்டளை ஓடும்.